வாசலோடு நின்ற சேதி

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டு, வேண்டாம் என்பதுபோல் இரண்டு முறை ஆடியது. அந்தக் கையை என்னால் இன்றும் அப்படியே வரைந்து காட்ட முடியும். மணிக்கட்டில் இரண்டு ரப்பர் வளையம், விரல் நுனிகளில் மாவு. மலேசியாவில் லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தின் கடைசி வீடு அது. காலை ஆறே முக்கால் இருக்கும். வழக்கம்போல் பள்ளி வேனை நிறுத்தி இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். என் தம்பியின் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் ஏறுவார்கள். மூத்தவள் பெண், பத்து வயது, நான்காம் ஆண்டு. பையனுக்கு எட்டு வயது, இரண்டாம் ஆண்டு. அன்று கதவு திறக்கவில்லை. அவர்கள் அம்மாவின் கை மட்டும் வந்தது, ஆடியது, உள்ளே போனது. பிறகு ஜன்னல் பலகையும் சாத்திக்கொண்டது. பின் சீட்டிலிருந்து ஒரு வாண்டு, "காய்ச்சலா, வேன் அங்கிள்?" என்று கேட்டான். "தெரியலடா" என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன். என்னவோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. எங்கள் பழைய மண்டோர், அதாவது கங்காணி, ஒருவர் அடிக்கடி சொல்வார்: "தோட்டத்துல சத்தம் நின்னுச்சுன்னா ரெண்டுல ஒண்ணு. மழை வருது, இல்லாட்டி மானேஜர் வர்றாரு." அன்று வானம் தெளிவாக இருந்தது.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, என்ன விஷயம் என்று கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் எங்கள் வீட்டு வழக்கம் குறுக்கே நிற்கிறது. தம்பி மனைவிக்கு நான் மூத்தார், அதாவது கணவனின் அண்ணன். மூத்தாரும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அவள் இருக்கும் அறைக்குள் நான் போவதில்லை. நான் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு அவள் வருவதில்லை. பகை ஒன்றும் இல்லை, மரியாதைதான். காப்பி வரும், பிள்ளை கையில் வரும். "பெரியப்பாவைப் பசியாறச் சொல்லு" என்று அவள் உள்ளேயிருந்து பிள்ளையிடம் சொல்வது எனக்குக் கேட்கும். "அப்புறம் சாப்பிடுறேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்று நான் அதே பிள்ளையிடம் சொல்வது அவளுக்குக் கேட்கும். நடுவில் பிள்ளை வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சீனக் கடையில் என் சேக்காளிகள் இதற்கென்றே என்னைக் கிண்டல் செய்வார்கள். "ஊரு பூரா வாயி கிழியப் பேசுறே. தம்பி பொண்டாட்டியக் கண்டா மட்டும் பல்லு கட்டிக்குதா லா உனக்கு?" நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இருபத்திரண்டு வருடம் வேன் ஓட்டினேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு மணி அடிக்கும்வரை வேனில் உட்கார்ந்து படித்த பத்திரிகைகளும், போகிற வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போன பேச்சுகளும்தான் என் படிப்பு. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. அப்படி மறக்காத பேச்சில் பாதி, என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத என் தம்பி மனைவியுடையது. எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டவை. பிள்ளைகள் சண்டை போட்டால், "யாரு ஆரம்பிச்சதுன்னு கேக்க மாட்டேன், யாரு நிறுத்தப் போறீங்கன்னுதான் கேப்பேன்" என்பாள். சோறு குழைந்துவிட்டால், "இன்னைக்குப் பல்லுக்கு லீவு" என்பாள்.

தம்பியின் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. முன் நின்று நடத்தியவன் நான்தான். தாலி கட்டினான், தோட்டமே சாப்பிட்டது. அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுப் பதிய வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். "சாமி முன்னால கட்டினதுக்கு மேல சர்க்காருக்கு என்னா சாட்சி வேணும்?" என்று கேட்டவனும் நான்தான். தம்பி மனைவி அதே தோட்டத்தில் பிறந்தவள். ஆனால் அவள் பிறப்பை அவள் வீட்டில் காலத்தோடு பதியவில்லை. அதனால் அவளிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், குடியுரிமை கிடையாது. பதியாத கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்பது, பெண் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்கப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதறிப் போய்க் கல்யாணத்தைப் பதிந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பையன் குடிமகன். பெண் அப்படியே நின்றுவிட்டாள். ஒரே வயிறு, ஒரே பாய், ஒரே சோற்றுத் தட்டு. பத்திரத்தில் மட்டும் அக்காள் ஓர் ஊர், தம்பி ஓர் ஊர்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அப்போது பத்தொன்பது பிள்ளைகள். தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். அந்த அம்மாதான் மேலே எழுதிப் போட்டு, பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியவர். நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஒருவர் விவரம் எடுக்க வந்தார். கெட்ட மனிதர் இல்லையாம், கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தாராம். குடியுரிமை இல்லாத பிள்ளைகள் எழுந்து நிற்கும்படி சொன்னார். பள்ளி முழுவதிலும் ஒருத்திதான் எழுந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டாம் ஆண்டில் உட்கார்ந்திருந்த அவள் தம்பி அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து அக்காள் பக்கத்தில் நின்றுகொண்டான். அவர் பட்டியலைப் பார்த்து, "நீ உட்கார். உனக்கு இருக்கு" என்றாராம்.

அன்று மத்தியானம் வேனில் ஒரு சத்தம் இல்லை. பத்தொன்பதில் பன்னிரண்டு பேர் என் வண்டிப் பிள்ளைகள். வழக்கமாகக் கூரை பிய்த்துக்கொள்ளும். அன்று எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். வீடு வந்ததும் அவள் இறங்கி, என்றுமில்லாமல் பின் கதவைத் தானே மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் காலையில்தான் அந்தக் கை ஆடியது.

தம்பி எண்ணெய் லாரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. சீனக் கடையில் பிடித்துக் கேட்டேன். "அவ முடிவு பண்ணிட்டாண்ணே. ரெண்டு பேருக்கும் வீட்டுலயே சொல்லிக் குடுக்கப் போறாளாம். டவுன்ல இப்பலாம் நெறைய பேரு அப்படிச் செய்யுறாங்களாம், போன்ல காட்டுறா" என்றான். "நீ என்னாடா சொன்னே?" என்றேன். "நான் என்னா லா சொல்றது? புள்ளைய நிக்க வச்சி எண்ணுற எடத்துக்கு எம்புள்ள போவ வேணாங்கிறா. சரி, ஒருத்திய நிறுத்து, பையன் போகட்டும்னேன். எந்திரிச்சி நின்ன புள்ளையத் தனியா நிக்க விடாம ஓடி வந்து நின்னான்ல, அவன மட்டும் அனுப்பி இன்னொரு தடவை பிரிக்கணுமான்னு கேக்குறா." எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. அந்தப் பேச்சு அவ்வளவு சரியாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால், அவ்வளவு சரியாக இருந்ததுதான் எங்கள் எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டது.

வீட்டுப் பள்ளி நன்றாகத்தான் நடந்திருக்க வேண்டும். நான் உள்ளே போனதில்லை. தம்பி லாரியில் இருக்கும் நாட்களில் அந்தப் படியில் நான் கால் வைப்பதே இல்லை. பையன் வெளியே ஓடி வந்து சொல்வதுதான் எனக்குச் செய்தி. சுவரில் அம்மா ஒரு படம் வரைந்திருக்கிறாளாம். அப்பாவின் லாரி போகிற எல்லா ஊரும் அதில் இருக்கிறதாம். கெமாஸில் ரயில் பாதை எப்படிப் பிரிகிறது என்பதற்குத் தீக்குச்சி ஒட்டியிருக்கிறாளாம். காலண்டர் தாளின் முதுகில் கணக்கு, மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருப்பதில் மலாய், நான் படித்து முடித்து வேலியில் சொருகிவிட்டுப் போகும் பத்திரிகையில் தமிழ். காலையில் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது ஜன்னல் சாத்தியிருக்கும். உள்ளே இரண்டு குரல்கள் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். வேனில் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல ஆரம்பிப்பார்கள். நான் வண்டியை மெதுவாக விடுவேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். பெரிய டீச்சர் ஒரு நாள் வேன் அருகே வந்து நின்றார். பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போகும்வரை காத்திருந்து பேசினார். "அந்தப் பையனைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. என்னைக்கு வந்தாலும் சேர்த்துக்குவாங்க. பொண்ணு அப்படி இல்ல. நாளைக்கு அவளுக்குக் குடியுரிமை கேக்கப் போனா, இந்த நாட்டுல இத்தனை வருஷம் இருந்தா, படிச்சான்னு சொல்றதுக்கு இந்தப் பதிவேட்டை விட்டா வேற என்னா இருக்கு? வராத புள்ளைய ரொம்ப நாளைக்கு என்னால வச்சிருக்க முடியாது. பேரை எடுத்தாகணும். எடுத்தா, அவளை மறுபடி ஏத்துறது என் கையில இல்ல. வருஷக் கடைசி வரைக்கும் பிடிச்சி வைக்கிறேன். அவங்க அம்மாகிட்டச் சொல்லிடுங்க. அப்பாகிட்ட இல்ல, அம்மாகிட்ட" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அழுத்திச் சொன்னார். நானும் அழுத்தித் தலையாட்டினேன்.

அன்று மத்தியானமே போனேன். வேலியருகே நின்று ஹார்ன் அடித்தேன். பெண் ஓடி வந்தாள். தம்பி மனைவி கதவோரம் வந்து, நிலைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பத்து அடி இருந்தால் அதிகம். மற்ற நாளாக இருந்தால் பிள்ளையிடம் சொல்வதுபோல் உரக்கச் சொல்லியிருப்பேன், அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் மூன்று பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். குடியுரிமை, பெயரை எடுப்பது என்றெல்லாம் லயத்தில் கத்தினால் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். ஏற்கெனவே ஒரு தடவை நின்ற பிள்ளை. நான் குனிந்து, அவள் காதோடு சொன்னேன். "அம்மாகிட்டச் சொல்லும்மா. வருஷக் கடைசிக்குள்ள உன்னை மறுபடி பள்ளிக்கு அனுப்பணுமாம். இல்லாட்டி பேரை எடுத்துடுவாங்களாம். அப்புறம் சேர்க்க மாட்டாங்களாம். பெரிய டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு." அவள் என்னையே பார்த்தாள். "சரி பெரியப்பா" என்றாள். உள்ளே போனாள். கதவோரத்தில் நின்ற உருவமும் உள்ளே போனது. அடுத்த வாரம் கேட்டேன், "சொல்லிட்டியா?" தலையை ஆட்டினாள். அனுப்பவில்லை என்றால் யோசித்துத்தான் அனுப்பவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அப்பாகிட்ட இல்ல என்று டீச்சர் சொன்னதால் தம்பி காதிலும் போடவில்லை. என் பங்கு முடிந்தது என்று மனம் லேசாகக்கூட ஆனது.

அந்த வருடம் தோட்டத்தில் மறுநடவு தொடங்கியது. வயதான செம்பனைகளை மண்வாரி இயந்திரம் முட்டிச் சாய்க்கும். காலையில் ஒரு பக்கம் மரம், மறுநாள் அதே பக்கம் வெறும் வானம். ஒவ்வொரு வாரமும் அந்த வெறுமை லயத்தை நோக்கி ஒரு நிரை கிட்ட வந்தது. கீரை ஆய்ந்த பெண்களில் இரண்டு பேர் நீலாய் பக்கம் குடிபோனார்கள். வருடம் முடிந்தது. பெரிய டீச்சருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று என்னைத் தேடினாராம், நான் வேனோடு பட்டறையில் இருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் பையன் பந்து விளையாட வேண்டும் என்று அழுது அடம் பிடித்தான். தம்பி இருவரையும் மறுபடி பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பையனை ஒரே காலையில் சேர்த்துக்கொண்டார்கள். பெண்ணின் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது என்றும், புதிதாகச் சேர்க்க மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றும் சொன்னார்கள். கேட்டு எழுதினார்கள். பதில் வருவதற்குள் அவளுக்குத் தொடக்கப்பள்ளி வயது தாண்டிவிட்டது. தம்பி மனைவி விடவில்லை, வீட்டில் தொடர்ந்து சொல்லிக் கொடுத்தாள். காலையில் வேன் போகும்போது இப்போது ஒரே குரல் கேட்டது. பிறகு அந்த லயத்திலிருந்து ஏற்ற எனக்குப் பையனைத் தவிர வேறு பிள்ளை இல்லை. அவன் ஏறும்போது ஜன்னலைப் பார்க்க மாட்டான். அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு நோய்க்காலம் வந்தது, நாட்டில் எல்லாப் பிள்ளையும் வீட்டிலிருந்து படித்தது. "உன் தம்பி பொண்டாட்டி இதை முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா லா" என்று சேக்காளி ஒருவன் சிரித்தான். மற்றப் பிள்ளைகள் வீட்டில் இருந்தாலும் அவர்கள் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது. நான் அவனோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

போன வருடம் அவளுக்குக் குடியுரிமை கேட்டு மனுப்போடச் சிரம்பானுக்குப் போனோம். வேனை விற்றுவிட்டேன், கார்தான். தம்பி முன்னால், அம்மாவும் பெண்ணும் பின்னால். இருபத்தொரு வயதுக்குள் முடிந்தால் ஒரு வழி, தாண்டிவிட்டால் அந்த வழி இல்லை என்று விசாரித்து வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அம்மாள் பொறுமைசாலி. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பள்ளிச் சான்று நான்காம் ஆண்டோடு நிற்கிறதே, அதற்குப் பின் இந்தப் பெண் எங்கே இருந்தாள் என்று கேட்டார். வீட்டில் படித்தாள் என்றோம். அதற்கு அனுமதிக் கடிதம் உண்டா என்றார். இல்லை. அப்படியானால் நேரில் அறிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லி, எல்லோரும் என்னைப் பார்க்க, என்னிடம் ஒரு தாளை நீட்டினார். முதல் நான்கு வருடத்தை, எனக்குத் தெரிந்த மலாயில், மளமளவென்று எழுதினேன். தினமும் என் வேனில் வந்தாள் என்று எழுதினேன். ஐந்தாவது வருடத்துக்கு வந்து, சுவர்ப் படம், வாய்ப்பாடு, காலண்டர் தாள் என்று எழுதிக்கொண்டே போனேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, பெரியவர் என்ற மரியாதையில், "பாக்சிக், இதெல்லாம் நீங்க கண்ணால பார்த்ததா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "வீட்டுக்குள்ள போயி?" என்றார். நான் பேனாவை மூடினேன்.

நாற்காலிகள் போட்டிருந்த பக்கம் வந்து உட்கார்ந்தோம். தம்பி தண்ணீர் வாங்கப் போனான். தம்பி மனைவி இரண்டு நாற்காலி தள்ளி, முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். நடுவில் பெண். பழக்க தோஷம், பெண்ணைப் பார்த்தே சொன்னேன். "பெரிய டீச்சர் அன்னைக்கே சொன்னாங்க. நானும் சொல்லி அனுப்பினேன். அம்மா அப்பவே கேட்டிருந்தா..." தம்பி மனைவி சட்டென்று திரும்பினாள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாகிட்ட நான் சொல்லலை பெரியப்பா" என்றாள். "சொன்னா அங்க அனுப்பிடுவாங்கன்னு பயந்தேன். மறுபடி நிக்கச் சொல்லுவாங்கன்னு. பேரை எடுத்தா நல்லதுன்னு நினைச்சேன்." பத்து வயதுப் பிள்ளையின் காதில், அவள் எதற்குப் பயந்தாளோ அதையே ஊதிவிட்டு, அவளையே தூது அனுப்பியிருக்கிறேன்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. தலை நரைத்திருப்பதே அன்றுதான் தெரிந்தது. "பத்தடியில நின்னேனே மாமா" என்றாள். "என்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை. மறுநா காலையில நானே கையப் புடிச்சிக் கொண்டுபோய் விட்டிருப்பேனே." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்பவள்போல் கேட்டாள். எழுந்து போய், ஐந்தாவது வருடத்திலிருந்து எழுதியதை என் கையாலேயே அடித்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்ததில்லை, வெளியே நின்று குரல் கேட்டேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாள் தாளை மற்றத் தாள்களோடு சேர்த்துக் குத்தினார். கடிதம் வரும், காத்திருங்கள் என்றார். எந்த விலாசத்துக்கு என்று கேட்டார். லயத்தை இடிக்க அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. அதனால் தாமான் குடியிருப்பில் இருக்கும் என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தோம்.

பெண்ணுக்கு இப்போது இருபது முடியப் போகிறது. தம்பி குடும்பம் நீலாயில் ஒரு வாடகை அறையில் இருக்கிறது. பெண் அங்கே பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாளாம். இதுவும் நான் கேள்விப்பட்டதுதான். நானும் தம்பி மனைவியும் இப்போது பேசிக்கொள்கிறோம். அன்று அலுவலகத்தில் விட்ட வழக்கம் பிறகு திரும்பி வரவில்லை. தினமும் பகல் பன்னிரண்டரைக்கு, எங்கள் தெருவில் தபால்காரர் போகிற நேரம் பார்த்து, அவளே போனில் கூப்பிடுவாள்.

"மாமா, வந்துச்சா?"

"இல்லம்மா."

"சரி மாமா" என்பாள். உடனே வைக்க மாட்டாள். நானும் வைப்பதில்லை.